சேலத்துத் தீம் பார்க் ரசிகர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் சேலத்தைச் சேர்ந்த ஒரு சிறு நண்பர் கூட்டம். குகை, அம்மாப்பேட்டை, அஸ்தம்பட்டி, ஏற்காடு என்று ஆளுக்கொரு பக்கம். கொலுசுப் பட்டறை நடத்துபவர், வங்கியில் இருப்பவர், கல்லூரி மாணவர்கள், என்னைப் போல் பள்ளியில் பாடம் எடுப்பவர் என்று ஆளுக்கொரு வேலை. எங்களைச் சேர்த்து வைத்தது ராட்டினம். வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை என்பதால், பதில்களை ஒருசேர எழுதி வைக்கிறேன். எங்களுக்குள் கருத்து வேறுபாடு உள்ள இடங்களில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

சென்னை, பெங்களூரு போல் சேலத்தில் பெரிய தீம் பார்க் இல்லையே, ரசிகர்கள் மட்டும் எங்கிருந்து வந்தீர்கள்?

ஆடி மாதத்திலிருந்து வந்தோம். கோட்டை மாரியம்மன் பண்டிகையை ஒட்டிப் போஸ் மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருப்பார்கள். அரசுத் துறைகளின் அரங்குகளை அப்பா நின்று நிதானமாகப் பார்ப்பார். எனக்கோ கண்ணெல்லாம் மைதானத்தின் கடைசிக் கோடியில் இருக்கும். ராட்சத ராட்டினம், டிராகன் ரயில், டோரா டோரா, மரணக் கிணறு, எல்லாவற்றுக்கும் மேலாகக் கொலம்பஸ். மற்ற நாடுகளில் கடற்கொள்ளையர் கப்பல் என்று அழைக்கும் அந்த ஊஞ்சல் கப்பலுக்கு நம் ஊரில் கொலம்பஸ் என்றுதான் பெயர். அதன் கடைசி வரிசையில் உட்கார்ந்து மேலே போய் நிற்கும் அந்த ஒரு நொடியில் சேலத்தின் விளக்குகளும் அவற்றுக்குப் பின்னால் சேர்வராயன் மலையின் கறுப்பும் தெரியும்.

பிறகு ஒருநாள் பள்ளிக்கு அந்த வழியாகப் போகும்போது பார்த்தால் மைதானம் வெறுமையாக இருக்கும். முளை அடித்த குழிகளும் டீசல் கறையும் மட்டும் மிச்சம். அடுத்த ஆண்டு அதே கொலம்பஸ் வருமா, வேறு நிறத்தில் வருமா, வராமலே போகுமா என்று யாருக்கும் தெரியாது. பெரிய பூங்காக்களின் பக்கத்தில் வளர்ந்தவர்கள் பத்து இருபது ஆண்டுகள் கழித்துக் கற்றுக்கொள்வதை, அதாவது ராட்டினம் நிரந்தரமானதல்ல என்பதை, நாங்கள் ஏழு வயதிலேயே தெரிந்துகொண்டோம். எங்கள் கூட்டத்தில் எல்லோருக்கும் 'மாறுவது' பற்றி இவ்வளவு அக்கறை இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பொருட்காட்சி ராட்டினத்துக்கும் தீம் பார்க்குக்கும் என்ன வேறுபாடு?

பொருட்காட்சியில் ராட்டினம் ஊரைத் தேடி வருகிறது. பூங்காவுக்கு நாம் தேடிப் போகிறோம். சுற்றி வேலி போட்டு, நுழைவுக் கட்டணம் வாங்கி, உள்ளே ராட்டினங்களை நிரந்தரமாக வைக்கும் முறை அமெரிக்காவில் 1895இல் கோனி தீவின் சீ லயன் பார்க்கில் தொடங்கியது. அது கேளிக்கைப் பூங்கா. தீம் பார்க்குக்கு இன்னும் ஒன்று வேண்டும்: கதை. 1955 ஜூலை 17 அன்று கலிபோர்னியாவின் அனஹைமில் திறக்கப்பட்ட டிஸ்னிலேண்டில் ஒவ்வொரு பகுதியும் ஒரு தனி உலகம். தரையின் நிறம், குப்பைத் தொட்டியின் வடிவம், ஊழியரின் உடை, காதில் விழும் இசை எல்லாம் அந்த உலகத்தைச் சேர்ந்தவை. ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாதபடி மரங்களும் மேடுகளும் மறைத்து நிற்கும்.

இதைப் புரியவைக்க நான் எப்போதும் குகையின் வண்டி வேடிக்கையைத்தான் சொல்வேன். ஆடிப் பண்டிகையில் வண்டிகளை அலங்கரித்து, மனிதர்களே சிவனாகவும் பார்வதியாகவும் முருகனாகவும் வேடமிட்டு, புராணக் காட்சி ஒன்றை அப்படியே நிறுத்தி ஊர்வலமாக வருவார்கள். ஒவ்வொரு வண்டியும் ஓர் உலகம். தெரு அதே தெருதான், ஆனால் அந்த வண்டி கடக்கும் வரை நாம் கயிலாயத்தில் இருக்கிறோம். தீம் பார்க் செய்வதும் இதையேதான், இரும்பையும் சிமென்டையும் வைத்து.

இன்னும் ஓர் எடுத்துக்காட்டும் ஊரிலேயே இருக்கிறது. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு நிற்கிறது. டி. ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய அந்த ஸ்டுடியோவுக்குள் அரண்மனை, கடைத்தெரு, காடு என்று எத்தனை பொய் ஊர்களைக் கட்டிப் பிரித்திருப்பார்கள்! இன்று வளைவு மட்டும். ஏற்காட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதைக் கடக்கும்போதெல்லாம், மூடப்பட்ட ஒரு தீம் பார்க்கின் வாசலைப் பார்ப்பது போலவே எனக்கு இருக்கும்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ராட்டினத்தை ஏன் எடுத்துவிடுகிறார்கள்?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல ஆசை. 'லாபம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது முழு உண்மை இல்லை.

முதலில் நிலம். இந்தியாவின் முதல் கேளிக்கைப் பூங்கா என்று சொல்லப்படும் டெல்லியின் அப்பு கர் 1984 நவம்பர் 19இல் திறக்கப்பட்டது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமான குட்டியானை அப்புவின் பெயர்தான் அதற்கு. வட இந்தியாவில் ஒரு தலைமுறையே அங்கேதான் முதல் ரோலர் கோஸ்டரில் ஏறியது. 2008இல் அது மூடப்பட்டது. நகரத்தின் நடுவே இருந்த அந்த நிலம் உச்ச நீதிமன்ற விரிவாக்கத்துக்கும் மெட்ரோவுக்கும் தேவைப்பட்டது. ராட்டினத்தில் ஒரு குறையும் இல்லை. அது நின்ற இடத்தின் மதிப்பு உயர்ந்துவிட்டது. மும்பை கோராயில் 1989இல் தொடங்கிய எஸ்ஸெல் வேர்ல்டும் 2022இல் மூடப்பட்டது. அந்தப் பக்கமே போயிராத நம் ஊர்க்காரர்களுக்குக்கூடத் தொலைக்காட்சி விளம்பரத்தால் அந்தப் பெயர் மனப்பாடம்.

இரண்டாவது இயந்திரம். நியூ ஜெர்சியில் 2005இல் திறந்த கிங்டா கா 456 அடி உயரம். மூன்றரை விநாடியில் மணிக்கு 206 கிலோமீட்டர் வேகத்தை எட்டும். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உலகின் மிக உயரமான ரோலர் கோஸ்டராக இருந்தது. ஆனால் அந்த வேகத்தைத் தந்த ஹைட்ராலிக் அமைப்பு பராமரிக்கச் சிரமமானது, அடிக்கடி நின்றுபோகும். 2024இல் மூடினார்கள். 2025 பிப்ரவரி 28 அன்று கோபுரத்தை வெடிவைத்துச் சாய்த்தார்கள். அந்தக் காணொளியை நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து பார்த்தோம். யாரும் பேசவில்லை. எங்களில் ஒருவர்கூட அதில் ஏறியதில்லை. இனி ஏறப்போவதும் இல்லை.

மூன்றாவது கதை. இதுதான் ரசிகர்களை இரண்டாகப் பிரிப்பது. டிஸ்னிலேண்டில் 1989இல் வந்த ஸ்பிளாஷ் மவுன்டன், மரக்கட்டைப் படகில் உட்கார்ந்து அருவியில் இறங்கும் ராட்டினம். மக்கள் உயிரையே வைத்திருந்தார்கள். ஆனால் அதன் கதை 1946இல் வந்த ஒரு திரைப்படத்திலிருந்து எடுக்கப்பட்டது. கறுப்பின மக்களை அந்தப் படம் காட்டிய விதம் பல பத்தாண்டுகளாகக் கண்டிக்கப்பட்டு வந்தது. 2023இல் ராட்டினத்தை மூடி, கால்வாயையும் அருவியையும் அப்படியே வைத்துக்கொண்டு, கதையை மட்டும் மாற்றி 2024இல் டியானாஸ் பாயூ அட்வென்ச்சர் என்று திறந்தார்கள். டியானா, டிஸ்னியின் முதல் கறுப்பின இளவரசி. அந்த மாற்றம் சரியானது என்பது என் கருத்து. வாய்விட்டுச் சிரித்தபடி அருவியில் இறங்கும்போது, பக்கத்துப் படகில் இருப்பவர் மனம் சுருங்க ஒரு காரணமும் இருக்கக் கூடாது. எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் இதை ஏற்கவில்லை. பழைய பொம்மைகளையாவது எங்காவது காட்சிக்கு வைத்திருக்கலாம் என்கிறார்கள். அதிலும் நியாயம் உண்டு.

மாற்றம் என்பது இன்று நேற்று வந்ததல்ல என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 1893இல் சிகாகோ கண்காட்சிக்காக ஜார்ஜ் பெரிஸ் கட்டிய முதல் ராட்சத ராட்டினம் 264 அடி உயரம், 36 பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு பஸ் அளவு. அதைப் பார்த்து உலகமே வியந்தது. பிறகு பிரித்து வேறு இடத்தில் நிறுத்தினார்கள், மறுபடி பிரித்து செயின்ட் லூயிஸ் நகருக்குக் கொண்டுபோனார்கள், 1906இல் வெடிவைத்துத் தகர்த்துப் பழைய இரும்பாக்கினார்கள். பதின்மூன்றே ஆண்டுகள். இன்று உலகில் சுற்றும் ஒவ்வொரு ராட்சத ராட்டினமும் அதன் வாரிசு.

பிடித்த ராட்டினத்தை எடுத்துவிட்டால் கோபப்படுவதில் பயன் உண்டா?

உண்டு. ஆனால் எந்தக் கோபம் என்பதைப் பொறுத்தது.

புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டில் 1971 முதல் ஓடிய மிஸ்டர் டோட்ஸ் வைல்ட் ரைட் என்ற சிறிய இருட்டறைச் சவாரியை எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ரசிகர்கள் ஒரே மாதிரி சட்டை அணிந்து வந்து பூங்காவுக்குள்ளேயே அமைதியாகக் கூடினார்கள். பலன் இல்லை, 1998இல் மூடிவிட்டார்கள். ஆனால் அதே இடத்தில் வந்த கரடிக்குட்டிச் சவாரியின் சுவரில், பழைய சவாரியின் நாயகனான டோட் என்ற தேரைத் தவளை வீட்டுப் பத்திரத்தைப் புதிய சவாரியின் ஆந்தையிடம் ஒப்படைப்பது போல ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். ராட்டினம் கட்டுகிறவர்களும் ரசிகர்கள்தான் என்பது எனக்கு அந்தப் படத்தைக் கேள்விப்பட்டபோதுதான் உறைத்தது.

முழு வெற்றியும் உண்டு. பென்சில்வேனியாவின் ஆல்டூனாவில் 1902இல் கட்டிய லீப் த டிப்ஸ் என்ற மர ரோலர் கோஸ்டர் 1985இல் நின்றுபோனது. அதை இடிக்கவிடாமல், பணம் திரட்டி, பழுது பார்த்து 1999இல் மீண்டும் ஓடவிட்டார்கள். இன்னும் நிற்கும் ரோலர் கோஸ்டர்களில் உலகிலேயே பழையது அதுதான் என்கிறார்கள். கோஸ்டர் ரசிகர்கள் அமெரிக்காவில் 1978இலேயே சங்கம் வைத்துவிட்டவர்கள். பழைய மர கோஸ்டர்களைக் காப்பது அவர்களுடைய முக்கிய வேலைகளில் ஒன்று. ஊழியர்களைத் திட்டுவதும் புதிய ராட்டினத்தில் ஏறாமலே பழிப்பதும் ஒரு மரப்பலகையைக்கூடக் காப்பாற்றியதில்லை.

அப்படியானால் எல்லாவற்றையுமே பாதுகாக்கலாமே?

கூடாது. பாதி மகிழ்ச்சி புதியது வருவதில்தான் இருக்கிறது. உலகில் கற்பனை மிச்சமிருக்கும் வரை டிஸ்னிலேண்ட் முடிவடையாது என்று வால்ட் டிஸ்னியே சொல்லியிருக்கிறார். எதை வைத்திருக்க வேண்டும் என்று கேட்டால், இனி ஒருபோதும் யாரும் கட்ட மாட்டார்கள் என்பவற்றை வைத்திருக்க வேண்டும் என்பேன். கோபன்ஹேகனின் டிவோலி பூங்காவில் 1914ஆம் ஆண்டின் மர கோஸ்டர் இன்னும் ஓடுகிறது. அதில் ரயிலின் நடுவே ஒரு பிரேக்காரர் உட்கார்ந்து கையால் பிரேக் பிடித்துக்கொண்டு வருகிறார். அவரோடு சேர்த்துத்தான் அது ராட்டினம். அவரை எடுத்துவிட்டுக் கணினி வைத்தால், தடம் அதே தடமாக இருந்தாலும் அது வேறு.

முன்வரிசையா, பின்வரிசையா?

ஏற்காடு பஸ்ஸில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து இறங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் உங்களுக்கு விடை ஏற்கெனவே தெரியும்.

ரோலர் கோஸ்டரில் முன்வரிசை காட்சிக்கு, பின்வரிசை இழுப்புக்கு. உச்சியைத் தாண்டும்போது முன்பெட்டி மெதுவாகத்தான் எட்டிப் பார்க்கும், ஏனென்றால் பின்னால் உள்ள எடை அதைப் பிடித்து வைத்திருக்கிறது. பின்பெட்டி உச்சிக்கு வரும்போது ரயிலின் பெரும்பகுதி சரிவில் இறங்கிவிட்டது. அது பின்பெட்டியைச் சுண்டி இழுக்கிறது. இருக்கையிலிருந்து உடல் எழும்பும் அந்த நொடியை ரசிகர்கள் ஏர்டைம் என்பார்கள். நான் பின்வரிசைக்காரி. முன்வரிசைக்காகக் கூடுதலாக அரை மணி நேரம் நிற்பது வீண் என்று நினைக்கிறேன்.

தலைகீழாகச் சுற்றும் வளையம் ஏன் முழு வட்டமாக இல்லை?

முழு வட்டமாகக் கட்டிப் பார்த்துத்தான் கைவிட்டார்கள். மேலே சொன்ன சீ லயன் பார்க்கில் 1895இலேயே பிளிப் பிளாப் ரயில்வே என்று ஒன்று இருந்தது. சரியான வட்டம். நேர்த்தடத்தில் வேகமாக வரும் பெட்டி திடீரென்று வட்டத்துக்குள் நுழைந்ததும் பயணிகளின் கழுத்தில் தாங்க முடியாத அழுத்தம் விழுந்தது. காயப்பட்டவர்கள் உண்டு. அதன் பிறகு நெடுங்காலம் தலைகீழ் வளையமே வழக்கொழிந்தது. 1976இல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுன்டனில் ஆன்டன் ஸ்வார்ட்ஸ்கோப்பும் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கலும் கண்ணீர்த் துளி வடிவில் வளையத்தை அமைத்தார்கள். வேகம் அதிகமாக உள்ள அடிப்பகுதியில் வளைவு அகலம்; வேகம் குறைந்த உச்சியில் வளைவு குறுக்கம். அழுத்தம் சீராக ஏறி இறங்கும்.

ரயில் பாதையில் நேர்த்தடம் சட்டென்று வளைவாக மாறாமல் கொஞ்சம் கொஞ்சமாக வளைவதும் இதே கணக்குத்தான். என் வகுப்பில் இதைக் கரும்பலகையில் வரைந்து காட்டினால் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

என் மகன் பத்தாம் வகுப்பு. எப்போது பார்த்தாலும் ரோலர் கோஸ்டர் காணொளி. கவலைப்பட வேண்டுமா?

தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பார்த்தால் கண்டியுங்கள். மற்றபடி அவன் என்ன பார்க்கிறான் என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். சங்கிலி ஏன் ஒரு மேட்டோடு நின்றுவிடுகிறது, பிறகு என்ஜின் இல்லாமல் எப்படி ஓடுகிறது, இரண்டாவது மேடு ஏன் முதல் மேட்டைவிடத் தாழ்ந்திருக்கிறது என்று அவன் விளக்கினால், இயற்பியலில் ஆற்றல் மாற்றம் என்ற பாடத்தை முடித்துவிட்டான் என்று பொருள்.

1959இல் டிஸ்னிலேண்டின் மேட்டர்ஹார்னில்தான் முதன்முதலாக உருண்டையான எஃகுக் குழாயைத் தடமாகப் பயன்படுத்தினார்கள். குழாயை எந்தப் பக்கமும் வளைக்கலாம் என்பதால்தான் இன்றைய திருகல்களும் புரட்டல்களும் சாத்தியமாயின. உருக்காலை இருக்கும் ஊரில் பிறந்த பையனுக்கு எஃகின் மீது ஆர்வம் வருவது நல்லதுதானே? 1999இல் வந்த ரோலர்கோஸ்டர் டைக்கூன் விளையாட்டை கிறிஸ் சாயர் என்ற ஒரே மனிதர் பெரும்பாலும் அசெம்ப்ளி மொழியில் எழுதினார். அதை விளையாடியே பொறியியலுக்குப் போனவர் எங்கள் கூட்டத்திலும் ஒருவர் இருக்கிறார். கேரளத்தில் 2000இல் வீகாலேண்டாகத் தொடங்கி இப்போது வொண்டர்லா என்று பல ஊர்களில் நடக்கும் நிறுவனம், தன் ராட்டினங்களில் பலவற்றைத் தானே தயாரிக்கிறது. எனவே இந்தத் துறையில் வேலை என்றால் அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை.

ராட்டினங்கள் பாதுகாப்பானவையா?

ஒழுங்காகப் பராமரித்தால், ஆம். நல்ல பூங்காவில் காலையில் வாசல் திறப்பதற்கு முன்பே தடத்தை நடந்து பார்த்து, ஆளில்லாமல் ஓட்டிப் பார்த்திருப்பார்கள். ஒரே தடத்தில் இரண்டு ரயில்கள் ஓடும் கோஸ்டரில், தடத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு ரயில்தான் இருக்க முடியும் என்று பிரேக்குகளை அமைத்திருப்பார்கள். ரயில்வே சிக்னல் மாதிரி. நடுவழியில் ரயில் நின்றால் அது பெரும்பாலும் ஆபத்து அல்ல, ஆபத்தைத் தவிர்த்ததன் அடையாளம்.

தற்காலிகமாக நிறுத்தும் ராட்டினங்களில் நீங்களும் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஒரு திருவிழாவில் கம்பித் தாழ்ப்பாளுக்குப் பதில் கயிறு கட்டியிருந்த பெட்டியில் என் தம்பி மகளை ஏற்றப் பார்த்தார்கள். வாங்கிய டிக்கெட்டைத் திருப்பிக்கூடக் கேட்காமல் இறங்கி வந்துவிட்டோம். குழந்தை அழுதது. அழட்டும். உயர அளவுகோலை ஏமாற்றக் குதிகால் உயர்ந்த செருப்புப் போட்டுக் குழந்தையை நிறுத்தும் பெற்றோர்களிடமும் இதையே சொல்கிறேன்: அந்தக் கோடு, இருக்கையின் பிடி அந்த உடலைப் பிடிக்குமா என்று பார்ப்பதற்காக.

சேலத்திலிருந்து முதன்முறையாக எங்கே போகலாம்?

தண்ணீர் பிடிக்கும் என்றால் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர். நீலகிரியின் அடிவாரத்தில், அலைக்குளத்தில் நின்றபடி மலையைப் பார்க்கலாம். காலையில் கிளம்பி இரவில் திரும்பிவிடலாம். ராட்டினம்தான் முக்கியம் என்றால் பெங்களூருக்கு அப்பால் பிடதியில் 2005 முதல் இருக்கும் வொண்டர்லா. சேலத்திலிருந்து பெங்களூரே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் என்பதால், முந்தின நாளே போய்த் தங்குவது நல்லது. தொப்பூர் கணவாயில் லாரி நெரிசலில் சிக்கினால் பாதி நாள் போய்விடும். அங்கே ரீகாயில் என்ற கோஸ்டர், போன தடத்திலேயே பின்னோக்கித் திரும்பி வரும். சென்னைப் பக்கம் உறவினர் வீடு இருந்தால், பழைய மாமல்லபுரம் சாலைப் பகுதியில் 2025 டிசம்பரில் திறந்த வொண்டர்லா இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை விஜிபிக்கும் ஒருமுறை போங்கள், ராட்டினத்துக்காக மட்டுமல்ல. வாசலில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்கவைக்க முயலாத தமிழ்க் குழந்தை எண்பது, தொண்ணூறுகளில் அரிது.

பள்ளித் தேர்வுக் காலத்து வார நாட்களில் போனால் வரிசை குறைவு. நீர்ச் சவாரிகளுக்குப் பருத்திப் புடவையும் சுடிதாரும் அனுமதி இல்லை; நைலான் உடை எடுத்துப்போகாமல் வாசலில் வாங்க நேர்ந்தால் வீண் செலவு.

நான் எதிலும் ஏற மாட்டேன், தலை சுற்றும். நானும் ரசிகராக முடியுமா?

என் அம்மா கொலம்பஸில் ஒருமுறைகூட ஏறியதில்லை. கைப்பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொண்டு கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். பொருட்காட்சியில் எந்த ஆண்டு எந்த ராட்டினம் எந்த மூலையில் நின்றது, எது எப்போது வராமல் போனது என்று இன்றைக்கும் அவருக்குத்தான் துல்லியமாக நினைவிருக்கிறது. ஏறியவர்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தோம், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பதிவேட்டின் முதல் பத்துப் பக்கங்கள் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதியவை.

பதிவேடா? அதில் என்ன எழுதுகிறீர்கள்?

மற்ற ஊர் ரசிகர்கள் ஏறிய கோஸ்டர்களின் எண்ணிக்கையைக் கிரெடிட் என்று கணக்கு வைப்பார்கள். முந்நூறு, ஐந்நூறு என்று போகும். சேலத்தில் இருந்துகொண்டு அந்தப் போட்டிக்குப் போக முடியாது. எனக்கு அதில் பெரிய ஆர்வமும் இல்லை. நாங்கள் குறிப்பது மாற்றத்தை.

போகும் தேதி, வானிலை, டிக்கெட்டின் விலை. டிக்கெட்டையும் பூங்காவின் வரைபடத்தையும் ஒட்டிவைப்போம். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் ஒரு புகைப்படம். ராட்டினத்தின் நிறம், எத்தனை பெட்டி, எத்தனை விநாடி ஓடுகிறது (கைக்கடிகாரம் போதும்), என்ன பாட்டு போடுகிறார்கள், வரிசையில் நிற்குமிடத்தில் நிழல் உண்டா. இயக்குபவரிடம் பேச நேரம் கிடைத்தால் அது எங்கே செய்தது, எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கேட்போம். பொருட்காட்சி ராட்டினக்காரர்கள் ஊர் ஊராகப் போகிறவர்கள். தங்கள் இயந்திரத்தைப் பற்றி யாராவது மரியாதையாகக் கேட்டால் மனம் திறந்து பேசுவார்கள். ஒரு ராட்டினத்துக்கு மூன்று முறை வண்ணம் மாறியும், அச்சாணிக்கு மேல் தட்டிய பழைய எண்ணை வைத்து இது சிறுவயதில் நாங்கள் ஏறியதேதான் என்று கண்டுபிடித்த நாள் எங்களுக்குத் தீபாவளி.

ஏற்காட்டில் ஒரு தீம் பார்க் வந்தால் நன்றாக இருக்குமே?

வேண்டாம். இதில் எங்கள் கூட்டத்தில் ஒரே குரல்.

ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மே மாதக் கோடை விழாவின்போது வண்டிகளைத் தாங்காமல், ஏற ஒரு பாதை, இறங்கக் குப்பனூர் வழி என்று பிரித்துவிடுவது உண்டு. ஒரு பெரிய பூங்கா என்றால் அந்தக் கூட்டம் ஆண்டு முழுவதும் வரும். குடிதண்ணீருக்கே யோசிக்க வேண்டிய மலையில் அலைக்குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து எடுப்பது? காப்பித் தோட்டத்துக்கு நிழல் தரும் மரங்களை வெட்டித்தான் இடம் சமன் செய்ய வேண்டும். ரோலர் கோஸ்டர் சமவெளியில் எங்கே வேண்டுமானாலும் நிற்கும். அதற்குத் தேவையான மேட்டை அதுவே கட்டிக்கொள்ளும். சேலத்தைச் சுற்றிச் சமவெளி நிறைய இருக்கிறது. அங்கே ஒன்று வந்தால் முதல் நாள் முதல் வரிசையில் நாங்கள் நிற்போம்.

மலையில் மாறுவதை ரசிக்க வேண்டும் என்றால் கோடை விழா மலர்க்காட்சி போதும். அண்ணா பூங்காவில் பூக்களால் செய்யும் உருவங்கள் ஆண்டுக்கு ஆண்டு வேறு. சில நாட்களில் வாடிவிடும். அதற்குள் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரமே அதற்கு ஓர் அழகு. ஏரியில் படகு, லேடீஸ் சீட்டில் மாலை, கீழே சேலத்தின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படுவது. கொலம்பஸின் உச்சியிலிருந்து ஒரு நொடி பார்த்ததை அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம்.

மறைந்துபோன ஒரே ஒரு ராட்டினத்தை மீட்டுத் தரலாம் என்றால் எதைக் கேட்பீர்கள்?

ஆளுக்கொரு விடை. ஒருவர் அப்பு கர் என்கிறார், ஒருவர் கிங்டா கா. தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தாவுக்குப் பள்ளிச் சுற்றுலா போனவர் அந்த நாளையே திரும்பக் கேட்கிறார்.

நான் கேட்பது கையால் சுற்றும் தொட்டில் ராட்டினம். மாரியம்மன் பண்டிகையில் தெருமுனையில் நிற்கும். நான்கு மரத் தொட்டில்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிரே இரண்டிரண்டு பிள்ளைகள். மோட்டார் கிடையாது. மடித்துக் கட்டிய வேட்டியோடு ஒரு பெரியவர், தன் பக்கம் இறங்கும் தொட்டிலைப் பிடித்துக் கீழே தள்ளுவார். மேலே போனவர்கள் கத்துவோம். பத்துச் சுற்று என்று சொல்லிப் பதினொன்று சுற்றுவார். தொட்டில்களுக்குப் பச்சை வண்ணம், ஓரத்தில் சிவப்புக் கோடு. உயரம் எவ்வளவு, எந்த மரம், எந்த ஊரிலிருந்து வந்தார், எந்த ஆண்டோடு நின்றது என்பவை எதுவும் என் பதிவேட்டில் இல்லை. அப்போது எனக்கு எழுதத் தெரியாது. உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில், பண்டிகைக் கூட்டத்துக்குப் பின்னால் ஓரமாக அது தெரிந்தால், படத்தின் பின்பக்கத்தில் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் எழுதி வைத்துவிட்டு எங்களுக்கு ஒரு சொல் அனுப்புங்கள்.